400 மீட்டர் ப்ரீஸ்டைலில் முதல் நூறை அடக்கிப் போகச் சொல்வது சரியா?

நீங்கள் பல கேள்வி கேட்டிருக்கிறீர்கள், ஆனால் அவற்றில் முக்கியமானது ஒன்றுதான். மேலூர் பக்கம் கிணற்றில் நீச்சல் பழகிய உங்கள் மகளுக்கு இப்போது 13 வயது. மதுரையில் குளத்துக்கு வந்து பயிற்சி எடுக்கிறாள். 100 மீட்டரில் அவளுடைய பெஸ்ட் 1:10, 400 மீட்டரில் 5:40. 400-ல் முதல் நூறு முழுக்க அவள்தான் முன்னால், மூன்றாவது நூறில் இரண்டு பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். கோச் 'முதல் நூறை அடக்கிப் போ' என்கிறார். நீங்களோ 2025 ஜூலையில் சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பின் பெண்கள் 400 மீட்டர் இறுதியைப் போனில் பார்த்துவிட்டு, 'கனடாவின் சம்மர் மெக்கின்டோஷ் எதையும் அடக்கின மாதிரித் தெரியலையே, என் மகளை மட்டும் ஏன் மெதுவாகப் போகச் சொல்கிறார்கள்?' என்று கேட்கிறீர்கள். அதாவது, கோச் சொல்வதைக் கேட்டால் பிள்ளையின் இயல்பான வேகம் கெட்டுவிடுமோ என்பதுதான் உங்கள் பயம்.

கெடாது. கோச் சொல்வது சரி. ஆனால் 'மெதுவாகப் போ' என்ற சொல் அவளுக்குத் தவறாகப் புரிய வாய்ப்பு இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நான் பயிற்சியாளர் படிப்பு முடித்து, மதுரையில் பல வருடமாகப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித் தருகிறவன். உங்கள் மகள் நீந்தி நான் பார்த்ததில்லை, அதனால் அவளுடைய கை, கால், மூச்சு பற்றி நான் சொல்வதெல்லாம் ஊகமாகத்தான் இருக்கும். நீங்கள் அனுப்பிய நாலு எண்கள் அப்படி இல்லை, அவை தெளிவாகவே பேசுகின்றன.

1:12, 1:26, 1:33, 1:29. இதுதான் அவளுடைய நூறு நூறாகப் பிரித்த நேரம். கூட்டினால் 340 நொடி, சராசரி நூறுக்கு 85 நொடி. முதல் நூறை அவள் சராசரியைவிட 13 நொடி வேகமாகப் போயிருக்கிறாள். 100 மீட்டருக்கு மட்டும் நீந்தினாலே அவளுடைய பெஸ்ட் 1:10 என்னும்போது, 1:12 என்பது கிட்டத்தட்ட முழுப் பாய்ச்சல். இன்னும் 300 மீட்டர் பாக்கி இருக்கும்போதே அவள் ஒரு 100 மீட்டர் போட்டியை முடித்துவிட்டாள். அடுத்து, கடைசி நூறைப் பாருங்கள். 1:33-லிருந்து 1:29-க்கு வந்திருக்கிறாள். தெம்பு சுத்தமாகத் தீர்ந்திருந்தால் நாலாவது நூறு மூன்றாவதைவிட மோசமாகத்தான் வந்திருக்கும். நாலு நொடி திரும்பக் கிடைத்ததற்கு என்ன அர்த்தம்? மூன்றாவது நூறில் அவளிடம் சரக்கு இருந்தது, அதைச் செலவழிக்கத் துணிச்சல் இல்லாமல் போயிருக்கிறது. அழகர்கோயிலிலிருந்து நூபுர கங்கைக்கு நடந்தே ஏறுகிறவர்களில் முதல் வளைவை ஓடிக் கடந்தவர்கள் நடுவழியில் உட்கார்ந்துவிட்டு, கோயில் கண்ணில் பட்டதும் மறுபடி எழுந்து வேகமாக நடப்பார்களே, அந்த நிலைதான் இது.

இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அது உடலை இழுத்துப் பிடிக்கும் விசை, வேகம் கூடக்கூட அதன் வர்க்கத்துக்கு (வேகம் × வேகம்) ஏற்பக் கூடுகிறது. அந்த விசையை எதிர்த்து நீந்தத் தேவைப்படும் திறனோ வேகத்தின் கனத்துக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்பக் கூடுகிறது. வேகத்தை 10 சதவீதம் கூட்டினால் உடல் கொடுக்க வேண்டிய திறன் சுமார் 33 சதவீதம் கூடிவிடும். இதனால் வேகமாகப் போன தூரத்தில் நீங்கள் கொடுத்த விலையை, மெதுவாகப் போன தூரத்தில் மிச்சப்படுத்தியதை வைத்து ஈடுகட்டவே முடியாது. ஒரே சக்தியை வைத்துக்கொண்டு 400 மீட்டரைச் சீக்கிரம் முடிக்க வேண்டுமென்றால், முடிந்தவரை ஒரே சீராகப் போவதே சிக்கனமான வழி. ஓட்டப்பந்தயத்தைவிட நீச்சலில் இந்தத் தண்டனை கடுமையாக இருப்பதற்குக் காரணம் தண்ணீர்தான்.

இனி பெரிய வீராங்கனைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். உங்கள் மகளுக்குக் காட்ட நான் சிங்கப்பூர் போட்டியைவிட டோக்கியோ ஒலிம்பிக் இறுதியைத்தான் தேர்ந்தெடுப்பேன். 2021 ஜூலை 26. முந்தைய ஒலிம்பிக்கில், 2016 ரியோவில், 3:56.46 என்ற உலக சாதனையோடு ஜெயித்த அமெரிக்காவின் கேட்டி லெடெக்கி ஒரு பக்கம், 2019 குவாங்ஜு உலக சாம்பியன்ஷிப்பில் அவரைத் தோற்கடித்த ஆஸ்திரேலியாவின் ஏரியார்ன் டிட்மஸ் இன்னொரு பக்கம். பாதித் தூரத்தில் லெடெக்கி அரை நொடிக்கும் மேல் முன்னால் இருந்தார். டிட்மஸ் பதறவில்லை. கடைசி நூறில் தாண்டி, 3:56.69-ல் சுவரைத் தொட்டார். லெடெக்கி 3:57.36. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு நாள் கழித்து அதே குளத்தில் 200 மீட்டரை 1:53.50-ல் ஜெயித்தவர் டிட்மஸ். அவ்வளவு வேகம் கையில் இருந்தும், 400-ல் முதல் 200-ஐ 1:58 அளவில்தான் போனார். அடுத்த 200-ம் ஏறத்தாழ அதே நேரம். நாலரை நொடியை வேண்டுமென்றே கையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். உங்கள் மகள் முதல் நூறில் கையில் வைத்திருந்தது வெறும் இரண்டு நொடி.

சரி, மெக்கின்டோஷ் அப்படித் தெரியவில்லையே என்கிறீர்கள். நீங்கள் பார்த்ததில் தப்பில்லை. சிங்கப்பூரில் அவர் 3:56.26-ல் முடித்தார். இரண்டாவது வந்த சீனாவின் லி பிங்ஜியே 3:58.21, மூன்றாவது லெடெக்கி 3:58.49. இரண்டு நொடி என்றால் அந்த வேகத்தில் மூன்று மீட்டருக்கும் மேல் இடைவெளி. பார்க்கிறவர்களுக்கு அது பாய்ச்சலாகத் தெரியும். ஆனால் அதற்கு ஏழு வாரம் முன்பு அவர் வைத்த உலக சாதனையான 3:54.18-ஐ எட்டால் வகுத்துப் பாருங்கள். ஒவ்வொரு 50 மீட்டருக்கும் சராசரி 29.27 நொடி. அவருக்கு அது அடக்கிய வேகம். நம் பிள்ளைகளுக்கு 50 மீட்டர் மட்டும் நீந்தினாலும் எட்டாத வேகம். திரையில் இந்த வித்தியாசம் தெரியாது. முதல் 50 மட்டும் எல்லோருக்குமே வேகமாக வரும், ஏனென்றால் அது மேடையிலிருந்து குதித்துத் தொடங்குவது. கடைசி 50-ல் மிச்சமிருப்பதைக் கொட்டிவிடுவார்கள். நடுவில் இருக்கும் ஆறு 50-களும் மேசை மாதிரி சமமாக இருப்பதுதான் உலகத் தரத்தின் அடையாளம்.

முன்னால் போய் ஜெயிப்பதும் ஒரு வழிதான். லெடெக்கி ரியோவில் அப்படித்தான் ஜெயித்தார். ஆனால் முன்னால் போவது வேறு, தன் சக்திக்கு மீறிப் போவது வேறு. எது மேல், முன்னால் போவதா, பின்னாலிருந்து பிடிப்பதா என்று கேட்டால், பயிற்சியாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. பின்பாதியைச் சற்று வேகமாக நீந்துவதே சிறந்தது என்பார்கள் சிலர். முன்பாதி ஒன்றிரண்டு நொடி வேகமாக இருந்தால் பரவாயில்லை என்பார்கள் வேறு சிலர். மனசு சம்பந்தப்பட்ட விஷயமும் இதில் இருக்கிறது. பக்கத்து லேனில் ஆள் முன்னால் போவதைப் பார்த்தால் சிலருக்கு வீம்பு வரும், சிலருக்குக் கை சோர்ந்துவிடும். ஆனால் முதல் நூறுக்கும் மூன்றாவது நூறுக்கும் 21 நொடி வித்தியாசம் இருக்கலாம் என்று சொல்கிற பயிற்சியாளரை நான் கண்டதில்லை.

மூன்றாவது நூறில் கை கனத்துப்போவது ஏன் என்பதற்கு 'லாக்டிக் அமிலம் சேர்ந்துவிடுகிறது' என்று குளத்தில் யாராவது சொல்வார்கள். அது பழைய பாடம். தசை லாக்டேட்டை (அந்த அமிலம் உடலில் இருக்கும் வடிவம்) எரிபொருளாகவும் பயன்படுத்துகிறது என்பது இப்போது உறுதியான விஷயம். களைப்புக்கு அது மட்டுமே காரணம் என்று இப்போது யாரும் சொல்வதில்லை, மற்ற காரணங்களில் எதற்கு எவ்வளவு பங்கு என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: நாலைந்து நிமிடம் நடக்கும் போட்டியில் சக்தியின் பெரும்பங்கு ஆக்சிஜனை வைத்துத்தான் வருகிறது, அந்த இயந்திரம் முழு வேகத்துக்கு வரச் சற்று நேரமாகும். அது வருவதற்குள் முதல் நூறிலேயே கையிருப்பைக் காலி செய்தால் நடுவில் பற்றாக்குறை வந்தே தீரும்.

இதைச் சரிசெய்ய வேகத்தைக் குறைக்கச் சொன்னால் மட்டும் போதாது. வேகத்தை உணரக் கற்றுக்கொடுக்க வேண்டும். நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பயிற்சி எளிமையானது. எட்டு 50, நடுவே 15 நொடி ஓய்வு. உங்கள் மகளுக்கு என்றால் ஒவ்வொன்றும் 41-லிருந்து 42 நொடிக்குள். கை சுவரைத் தொட்டதும், நீச்சல் கண்ணாடியைத் தூக்குவதற்கு முன், கடிகாரத்தைப் பார்க்காமல் தன் நேரத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகுதான் நான் ஸ்டாப் வாட்சைக் காட்டுவேன். ஆரம்பத்தில் 38-ல் வந்துவிட்டு '42' என்று சத்தியம் செய்வார்கள். 45-ல் வந்துவிட்டு '41' என்பார்கள். களைக்கக் களைக்க, அதே பாடுபட்டாலும் வேகம் குறைவது உள்ளேயிருந்து தெரியாது என்பது இங்கேதான் பிள்ளைக்குப் பிடிபடும். சில மாதங்களில் ஒரு நொடிக்குள் சரியாகச் சொல்லத் தொடங்குவார்கள். நன்றாக வந்தபின் ஓய்வை 10 நொடியாகக் குறைக்கலாம். ஐந்தாவதும் ஆறாவதும்தான் மூன்றாவது நூறு. அந்த இரண்டை மட்டும் இன்னும் ஒரு நொடி வேகமாகக் கேட்டுப் பார்க்கும்படி கோச்சிடம் சொல்லுங்கள். போட்டியில் அந்த இடம் வரும்போது அது அவளுக்குப் பழகிய இடமாக இருக்கும்.

போட்டிக்கு இலக்காக 1:20, 1:23, 1:24, 1:21 என்று எழுதிக் கொடுங்கள். கூட்டினால் 5:28. இதே உடல்நிலையில் அவளால் இது முடியும் என்று நான் நம்புகிறேன். முதல் தடவையிலேயே வந்துவிடும் என்று சொல்லவில்லை. முதல் நூறில் எட்டு நொடி பின்னால் இருப்பது அவளுக்கு அவமானமாக இருக்கும், பார்வையாளர் பக்கம் இருக்கும் உங்களுக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அப்போது கத்தாமல் இருங்கள். பிள்ளைகள் சுவாசத்துக்குத் தலையைத் திருப்பும்போது பெற்றோரின் குரல் காதில் விழுகிறது, விழுந்ததும் கை வேகமெடுக்கிறது. இதை நான் நிறையத் தடவை பார்த்திருக்கிறேன்.

கிணற்று நீச்சல் பற்றி ஒரு வார்த்தை. மேலூர், அலங்காநல்லூர், வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு ஆழத்தில் பயம் கிடையாது, தம் கட்டுவார்கள், முங்கு நீச்சலில் யாரும் அவர்களை ஜெயிக்க முடியாது. ரேஸ்கோர்ஸ் குளத்தில் முதல் நாளே இறங்கிப் போய்விடுவார்கள். இதெல்லாம் பெரிய சொத்து. ஆனால் கிணற்றில் மேலேயிருந்து யார் எப்போது தலைமேல் குதிப்பார்கள் என்று தெரியாததால் தலையைத் தூக்கியே நீந்திப் பழகியிருப்பார்கள். தலை தூக்கினால் இடுப்பு இறங்கும், இடுப்பு இறங்கினால் தண்ணீரின் இழுவை கூடும். நூறு மீட்டருக்கு அதைப் பலத்தால் மறைத்துவிடலாம், நானூறில் மறைக்க முடியாது. உங்கள் மகளிடம் இது இருக்கிறதா என்று கோச்சிடம் கேளுங்கள். பக்கவாட்டிலிருந்து போனில் ஒரு வீடியோ எடுத்தாலே தெரிந்துவிடும். இன்னொன்று டர்ன், அதாவது சுவரில் திரும்புவது. கிணற்றில் நாலு கை போட்டால் சுவர் வந்துவிடும், உதைத்துத் தள்ளிக்கொண்டு நீளமாக வழுக்கிப் போகும் பழக்கம் அங்கே வராது. 50 மீட்டர் குளத்தில் 400-க்கு ஏழு டர்ன். டர்னுக்கு அரை நொடி மிச்சமானால் மூன்றரை நொடி, ஒரு சொட்டு வியர்வை கூடுதலாகச் சிந்தாமல்.

இனி எனக்கே சந்தேகம் உள்ள விஷயங்கள். அவள் 400-க்குப் பொருத்தமானவளா என்று கேட்டிருக்கிறீர்கள். 13 வயதில் இதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது, சொல்பவர்களை நம்பாதீர்கள். மெக்கின்டோஷ் 14 வயதில் டோக்கியோ 400-ல் நாலாவது வந்தார், நேரம் 4:02.42. லெடெக்கி 15 வயதில் லண்டனில் 800 மீட்டர் தங்கம் வாங்கி, 28 வயதில் சிங்கப்பூரிலும் அதே 800-ல் தங்கம் வாங்கினார். டிட்மஸ் 25 வயதில் ஓய்வை அறிவித்துவிட்டார். நம் பக்கத்தில், பெங்களூரைச் சேர்ந்த தினிதி தேசிங்கு 14 வயதில் பாரிஸ் ஒலிம்பிக்கின் 200 மீட்டர் ப்ரீஸ்டைலில் இறங்கினார். ஒவ்வொருவர் பாதையும் வேறு. ஆனால் பெண் பிள்ளைகள் விஷயத்தில் ஒன்று நிச்சயம்: 12-லிருந்து 15 வயதுக்குள் உடல் மாறும்போது, பயிற்சி கூடியும் டைமிங் அப்படியே நிற்கிற காலம் ஒன்று பலருக்கு வரும். மிதக்கும் நிலை மாறுகிறது, பழைய ஸ்ட்ரோக் புது உடம்புக்குப் பொருந்துவதில்லை. எங்கள் ஊரில் நல்ல நீச்சல்காரிகள் பலர் குளத்தை விட்டுப் போனது இந்தக் காலத்தில்தான். சோம்பல் என்று திட்டி அனுப்பப்பட்டவர்களும் அதில் உண்டு. அதை நினைத்தால் இப்போதும் மனசு கேட்கமாட்டேன் என்கிறது. மாதவிடாய் தொடங்கிய பிள்ளை காரணமில்லாமல் களைத்தால் ஒரு மருத்துவரிடம் காட்டி ஹீமோகுளோபின், இரும்புச் சத்து இரண்டையும் பார்த்துவிடுங்கள். பரிசோதிக்காமல் மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

காலை எப்படி அடிக்க வேண்டும், இரண்டு கையும் ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் இரண்டு உதையா ஆறா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டிலும் ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். அவளுக்கு எது வரும் என்பதைக் குளக்கரையில் நிற்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். விலை உயர்ந்த போட்டி உடை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். உடை வேகத்தை மாற்றும் என்பது உண்மை. 2009 ரோமில் இத்தாலியின் ஃபெடரிகா பெல்லெக்ரினி 3:59.15 நீந்தி, பெண்கள் 400-ல் 4 நிமிடத்துக்குள் வந்த முதல் ஆள் ஆனார். அது பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகையால் செய்த உடைகளின் காலம். 2010-ல் அவற்றைத் தடை செய்தபின், அந்தச் சாதனையை உடைக்க லெடெக்கிக்கு 2014 வரை ஆனது. ஆனால் இப்போது அனுமதி உள்ள உடைகளால் 5:40 நீந்தும் 13 வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு மிச்சமாகும் என்றால், தலையைத் தாழ்த்தி டர்னைச் சரிசெய்வதால் கிடைப்பதில் ஒரு சிறு பங்குகூட இருக்காது என்பது என் கருத்து. அந்தப் பணத்தை சென்னைப் போட்டிகளுக்குப் போய்வர வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக டைமிங்கை ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. 5:40 எந்தக் குளத்தில் வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. 25 மீட்டர் குளத்தில் 400-க்கு 15 டர்ன், அதனால் நேரம் குறைவாக வரும். மெக்கின்டோஷுக்கே 50 மீட்டர் குளத்தில் 3:54.18, 25 மீட்டர் குளத்தில் 3:50.25. இரண்டையும் ஒரே நோட்டில் தனித்தனிப் பக்கத்தில் எழுதுங்கள். சர்வதேசப் போட்டிக்குத் தண்ணீர் 25-லிருந்து 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மதுரையில் சித்திரை, வைகாசியில் திறந்தவெளிக் குளம் அதைத் தாண்டிவிடும், நீண்ட தூரம் நீந்தும்போது உடல் சூடேறி டைமிங் இறங்கும். அந்த மாதங்களில் 400-க்கு நேரம் எடுக்காமல், காலை முதல் பேட்ச்சில் டர்னும் 50-களும் மட்டும் செய்யச் சொல்லுங்கள். அடுத்த போட்டியில் மொத்த நேரத்தோடு விட்டுவிடாமல், கரையில் நின்று ஒவ்வொரு 50-ஐயும் நீங்களே குறித்துக்கொண்டு வாருங்கள். எட்டு எண்ணும் கிடைத்தால் இன்னும் துல்லியமாகப் பதில் சொல்ல முடியும்.